பனிக்குள் நின்ற பொம்மை

கந்தப்பளையில் ஓடையோரம் இருக்கும் எங்கள் லீக்ஸ் பாத்தியை நீர்க்கோழிகள் நாசமாக்கின. ஈயக்குண்டுகள் அதிகம் சிதறாமல் தூரம் போகட்டும் என்று, துப்பாக்கி முனையில் திருகும் 'சோக்' ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினேன்.

காலைப் பனியில், கொழுந்து பறிப்பவர்கள் உடம்பில் கட்டும் படங்குச் சாக்கு சுற்றிய காவல் பொம்மை மங்கலாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் அசைந்த கோழியைச் சுட்டேன்.

பொம்மை திரும்பியது.

"ஐயோ, நாந்தாங்க!" என் மனைவியின் குரல். "பொம்மை நேத்தே விழுந்துருச்சு. அதோட படங்கக் கட்டிக்கிட்டுக் களையெடுக்க வந்தேன்."

"சோக்தான் மச்சான் காப்பாத்துச்சு. இல்லாட்டி குண்டு சிதறி அவ மேலயும் பட்டிருக்கும்" என்றார் விஷயம் கேட்டு வந்த அவள் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது இல்லாவிட்டால் அவ்வளவு தூரத்தில் சுடத் துணிந்தே இருக்கமாட்டேன்.

சோக்கைக் கழற்றிவிட்டேன். இப்போது சுடுமுன் அவளைக் கூப்பிடுகிறேன். கோழிகள் பறந்துவிடுகின்றன. பதில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து வந்தாலும், மறுபடி நட்ட பொம்மையிலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை.