யாரும் பதில் போடாத குரூப்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பட்டியலை எட்டுப் பேருக்குச் செல்போனில் அனுப்பினேன். விரல் பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரு மனுஷியின் முப்பது வருட வேலையின் மேல் அந்த விரல் பட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் திருவானைக்காவலில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். நாற்பத்தெட்டு வயதில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். எதற்கு இந்த வயதில் என்று வீட்டில் கேட்டார்கள். ப்ரமோஷனுக்கு என்று சொல்லி வைத்தேன். உண்மையில் எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்காது. வகுப்பில் வரைபடத்தைத் தொங்கவிட்டு கங்கையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அது காவிரியில் இறங்கி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். எதையாவது ஒன்றை, ஒரே ஒன்றை, அடிவரைக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு. அதுதான் காரணம்.

ஆய்வின் தலைப்பு ஒரு மூச்சில் சொல்ல முடியாத அளவுக்கு நீளம். சுருக்கமாகச் சொன்னால், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பெற்றோருடன் செல்போனில் எப்படித் தொடர்பு வைத்துக்கொள்கிறார்கள், அதில் அவர்களுடைய தலைமைப் பண்பு எப்படித் தெரிகிறது என்பது. திருவானைக்காவலிலிருந்து லால்குடி தாண்டி வரை எட்டு அரசுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தேன். முறையாக அனுமதி வாங்கி, ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓரமாகச் சேர்ந்துகொண்டேன்.

மூன்று மாதம் எண்ணினேன். தலைமையாசிரியர் எத்தனை செய்தி போட்டார், பெற்றோர் எத்தனை பதில் போட்டார்கள், ஒரு தாய் கேட்ட கேள்விக்கு எத்தனை நிமிடத்தில் பதில் வந்தது, எல்லாவற்றையும். எண்ணுவது ஒரு போதை. மனிதர்கள் கலைந்து கலைந்து போகிறார்கள். எண்கள் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. என்னைப் போல அலைகிற ஆளுக்கு அது பெரிய ஆறுதல்.

எட்டில் ஏழு குரூப்கள் சந்தைபோல இரைந்துகொண்டிருந்தன. காலை வணக்கப் படங்கள், கைதட்டல்கள், யூனிபார்ம் எப்போது தருவீர்கள் என்ற சண்டைகள். ஏழாம் எண் என்று நான் குறித்து வைத்திருந்த பள்ளியின் குரூப் மட்டும் ஊமையாக இருந்தது. லால்குடிக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே, வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் சின்னப் பள்ளி அது. தலைமையாசிரியை வாரத்துக்கு இரண்டு செய்தி போடுவார். கீழே ஒரு பதிலும் இருக்காது. மூன்று மாதத்தில் ஒரு பெற்றோரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே ஒரு முறை நேரில் போயிருந்தேன். அந்தத் தலைமையாசிரியை நல்ல உயரம், ஒட்ட வாரிய நரைத்த தலை, சிரிப்பு வந்தாலும் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிற முகம். “குரூப்ல ஒண்ணும் பெருசா இருக்காது சார்” என்று அன்றைக்கே சொன்னார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லை.

மதிப்பெண் போட்டபோது ஏழாம் எண் பள்ளிக்கு ‘இருவழித் தொடர்பு’ என்ற இடத்தில் பூஜ்யம் விழுந்தது. மொத்தத்தில் கடைசி இடம்.

பங்கெடுத்தவர்களுக்கு முடிவைத் தெரிவிப்பதுதான் மரியாதை என்று நினைத்து, எட்டுத் தலைமையாசிரியர்களும் இருந்த குரூப்பில் அந்தப் பட்டியலைப் போட்டேன். பள்ளிகளின் பெயரை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்திருந்தேன். ஆனால் பக்கத்தில் மாணவர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டேன். நாற்பது பிள்ளைகளுக்கும் குறைவான பள்ளி அந்த எட்டில் ஒன்றுதான் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தலைமையாசிரியர் எழுதினார்: “ஏழாம் நம்பர் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. டீச்சர், ட்ரீட் எப்போ?” கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்கள். இன்னொருவரும் சிரித்தார். பிறகு ஏழாம் எண் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான். கோபம் இல்லை, கேள்வி இல்லை. நான் அவசர அவசரமாகப் பட்டியலை அழித்தேன். அதற்குள் அது வேறு குரூப்களுக்குப் போய்விட்டிருந்தது.

என் ஆய்வு நெறியாளரிடம் போனில் சொன்னேன். “யாரைக் கேட்டு அனுப்புனீங்க? பேரை எடுத்துட்டா ஆள் மறைஞ்சிடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தக் குரூப்பில் இருந்த இன்னொரு தலைமையாசிரியரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பட்டியல் கல்வி அலுவலகம் வரை போய்விட்டதாம். பெற்றோர் தொடர்பு ஏன் இப்படி இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கூட்டத்தில் அந்த அம்மா விளக்கம் சொல்ல வேண்டுமாம். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். அதுவரை அவர் பெயரில் ஒரு கடிதம்கூட வந்ததில்லையாம். பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் பள்ளி வேறு. இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் தனியார் பள்ளி வேன் வாசலுக்கே வந்து நிற்கும்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்தேன். கொள்ளிடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் பாலத்தில் நிறுத்தி, நோட்டை எடுத்து அதைப் பற்றி ஒரு பத்து வரி எழுதியிருப்பேன். அன்று அந்தப் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. டோல்கேட்டில் வலது பக்கம் திரும்பி, லால்குடி ரோட்டில், சொல்ல வேண்டிய மன்னிப்பை ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் தன் அறையில் போனைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்து, “தப்பு பண்ணிட்டேன் டீச்சர்” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “உக்காருங்க சார். நீங்க எழுதுனது பொய்யில்லையே. குரூப்ல யாரும் பேசலை, உண்மைதானே?” விரல் மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது. “ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க. இன்னும் வேலை முடியலை.”

விளக்கம் சொல்ல வேண்டிய நேரத்தில் போனில் என்ன வேலை என்று எனக்குள் ஒரு எரிச்சல் எட்டிப் பார்த்தது. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். போனை என் பக்கம் திருப்பினார். ஸ்டேட்டஸ். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குப் போட்டு ஒரு நாளில் மறைந்துபோகும் படங்கள். எல்லாமே அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் போட்டவை.

“இங்க பாருங்க, நாத்தங்கால் போட்டோ. விடியக்காலையே நடவுக்குப் போயிட்டாங்க. அப்ப பொண்ணு தலை பின்னாம வந்திருக்கும், அதான் வாசல்ல சீப்பு வச்சிருக்கேன். இது அவங்க அண்ணன் ஊர்க் கோயில்ல ஆடித் திருவிழா. பையன் வெள்ளிக்கிழமை வரைக்கும் வரமாட்டான், நான் போன் போட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம். இது பாருங்க, கறுப்பு. மூணாவது நாளா வெறும் கறுப்பு, கூட ஒரு அழுகைப் பாட்டு. இன்னைக்கு இவங்க வீட்டுக்குப் போகணும்.”

“குரூப்ல சொல்லலாமே டீச்சர்?” என்று கேட்டேன். மூன்று மாதம் எண்ணியவனின் கேள்வி.

இப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். “குரூப்ல இருக்குற நம்பரெல்லாம் யாரோடது? சேர்க்கை ஃபார்ம்ல எழுதுன அப்பா நம்பர். ஒருத்தர் திருப்பூர்ல, ஒருத்தர் துபாய்ல. மொதல்ல அம்மாங்க நம்பரையும் சேர்த்துத்தான் பார்த்தேன். ஒரு அம்மா, பையன் ஏன் அடி வாங்குனான்னு குரூப்ல வாய்ஸ் போட்டுக் கேட்டாங்க. நாலு ஆம்பளைங்க அவங்க பேச்சைக் கேலி பண்ணி சிரிச்சாங்க. வீட்டுக்காரர் அங்கேருந்து போன்ல திட்டுனாரு, ஊரே கேக்குற மாதிரி எதுக்குப் பேசுனேன்னு. அன்னையோட அம்மாங்க குரூப்ல பேசுறது நின்னுபோச்சு. நாளைக்கு என்ன கொண்டு வரணும், எப்ப கூட்டம், எல்லாம் என் ஸ்டேட்டஸ்ல, அம்மாங்களுக்கு மட்டும் தெரியுற மாதிரி, என் குரல்லயே போடுவேன். படிக்கத் தெரியாதவங்களும் கேட்டுக்குவாங்க. யார் பார்த்தாங்கன்னு எனக்கு மட்டும் தெரியும். யாரும் சிரிக்க முடியாது.”

சந்தை இரைச்சலை உரையாடல் என்று எழுதியிருந்தேன். இங்கே ஒவ்வொரு நாளும் முப்பது பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், என் காதுக்கு எட்டாத ஒரு தாழ்ந்த குரலில். வயலில் ஈரம் ஊறுவதுபோல, பார்த்தால் தெரியாமல்.

மத்தியான இடைவேளையில் அந்தக் கறுப்பு ஸ்டேட்டஸ் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் வரலாமா என்று கேட்டேன். “வாங்க. ஆனா நோட்டை எடுக்கக் கூடாது” என்றார். பள்ளியிலேயே நோட்டை வைத்துவிட்டுப் போனேன்.

இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு. கதவு திறந்தே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். “வாங்க டீச்சர்” என்றவள், என்னைப் பார்த்துத் தயங்கினாள்.

“நம்ம சார்தான். எனக்கு பூஜ்யம் போட்டவர்” என்று டீச்சர் அறிமுகம் செய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு உள்ளே போய், உடனே மூன்று டம்ளரில் டீயோடு வந்தாள்.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார் டீச்சர்.

“காலையில நீங்க பார்த்துட்டீங்கன்னு காட்டுச்சு டீச்சர். இன்னைக்கு வந்துடுவீங்கன்னு தெரியும். அதான் பால் கூட வாங்கி வச்சேன்.”

விஷயம் இதுதான். திருப்பூரில் இருக்கும் கணவர், வருட நடுவில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அங்கே கூட்டிப் போகச் சொல்கிறார். போன் பண்ணினால் சண்டையில் முடிகிறது. மாமியார் வீட்டில் வாய் திறந்து யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவளால் முடிந்தது அந்தக் கறுப்புப் படம். டீச்சர் அங்கேயே அவருக்குப் போன் போட்டார். அதட்டவில்லை, கெஞ்சவில்லை. “தம்பி, முழுப் பரீட்சை வரைக்கும் என்கிட்ட விட்டுவைங்க. அதுக்கப்புறம் நானே டி.சி. எழுதித் தரேன்” என்றார். பரீட்சை எந்த மாதம் என்று அவர் கேட்டார். பிறகு, சரிங்க டீச்சர்.

திரும்பி நடக்கும்போது எனக்குக் காலே தரையில் பாவவில்லை. “வெள்ளிக்கிழமை நானே கூட்டத்துக்கு வந்து இதையெல்லாம் சொல்றேன் டீச்சர். ஆய்வுலயும் எழுதுறேன். எட்டுப் பேர்ல நீங்கதான் முதல்னு எழுதுறேன்.”

அவர் நின்றுவிட்டார். “தயவுசெஞ்சு சொல்லாதீங்க சார்.”

“ஏன்?”

“சொன்னீங்கன்னா அடுத்த வாரமே எல்லா ஸ்கூலும் தினம் ஸ்டேட்டஸ் போடணும்னு ஆர்டர் வரும். எத்தனை பேர் பார்த்தாங்கன்னு ஸ்க்ரீன்ஷாட் கேப்பாங்க. வீட்டுல ஆம்பளைங்களுக்கும் தெரிஞ்சுடும். அப்புறம் அந்தப் பொண்ணு கறுப்பு படம்கூடப் போடமாட்டா. என் பேரு கெட்டா ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவேன். அவங்க எங்க போவாங்க?”

என் கையில் இப்போது அவரைக் காப்பாற்றும் உண்மை இருந்தது. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இரண்டு நாளும் தூக்கம் சரியில்லை. சொல்லிவிட்டால் என்ன, நல்லதுக்குத்தானே என்று ஒரு குரல் அரித்துக்கொண்டே இருந்தது. நல்லதுக்கு என்றுதானே பட்டியலையும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அனுமதி கேட்டு எழுந்து நின்றேன். என் பட்டியல் தவறு என்றேன். அனுப்பியதும் தவறு, அளந்த விதமும் தவறு, குரூப்பில் சத்தம் இருப்பதைத் தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொண்டேன், அதை வைத்து யாரையும் கேள்வி கேட்க வேண்டாம் என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ அந்த ஸ்கூல்ல தொடர்பு நல்லாத்தான் இருக்குங்கிறீங்க?”

“ரொம்ப நல்லா இருக்கு சார்.”

“எதை வச்சு சொல்றீங்க? ஆதாரம்?”

“நேர்ல போய்ப் பார்த்தேன் சார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ட்ரீட் கேட்ட அதே தலைமையாசிரியர், “பி.எச்.டி.ன்னா இப்படித்தான் போல” என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடானது. டீச்சர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதிகாரியும் சிரித்துவிட்டு, “சரி விடுங்க, ஆய்வு பண்றவரே தப்புங்கிறாரு. நாம என்னத்தைக் கேக்குறது?” என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். விளக்கம் கேட்கப்படவில்லை.

வெளியே வந்ததும் டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தேன். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, “உங்களுக்கு வலிச்சிருக்கும்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ம்” என்றார். அந்த ஒரு எழுத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பட்டியலை ஆய்விலிருந்தே எடுத்துவிட்டேன். நெறியாளர் திட்டினார். ஒரு வருடம் கூடுதலாக ஆயிற்று; இன்னும் முடியவில்லை. டீச்சர் இந்த மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். இதை எழுதலாமா என்று கேட்டேன். “இப்ப எழுதிக்கங்க சார். பேரு மட்டும் வேண்டாம். புதுசா வந்திருக்குற டீச்சரும் அம்மாங்களும் இந்நேரம் வேற வழி கண்டுபிடிச்சிருப்பாங்க” என்று, பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் சிரித்தார்.

எண்ணுவதை நான் விட்டுவிடவில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதக் கை போனாலும், எழுதாமல் ஒருமுறை அந்த இடத்துக்கு நேரில் போய்விட்டு வருகிறேன், போன இடத்தில் இதுவரை ஒருமுறைகூட நான் பூஜ்யத்தைப் பார்த்ததில்லை.