சர்வர் அறையில் ஆயுத பூஜை

ஓய்வு பெறுகிறவரின் கைப்பேசி எண்ணைக் கடைசி வேலைநாள் மாலைக்குள் எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். நீக்கியதை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த விதியை எழுதியவன் நான். அதனால்தானோ என்னவோ, என் விஷயத்தில் அதை யாரும் பின்பற்றவில்லை.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் சர்வர்களை ஒரு மென்பொருள் கண்காணிக்கிறது. சூடு ஏறினாலும், டிஸ்க் நிரம்பினாலும், அறைக் கதவு திறந்தே கிடந்தாலும், பட்டியலில் உள்ளவர்களுக்கு அது செய்தி அனுப்பும். நான் ஓய்வு பெற்று லிங்கராஜபுரத்து வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதும் அனுப்பியது. நீக்கச் சொல்லி முறைப்படி விண்ணப்பித்தேன். பதில் இல்லை. தினமும் காலையில் ஒரே செய்தி: ஒரு சர்வரின் டிஸ்க் நிரம்பி வருகிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அது வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"அப்பாடா, உங்கள கழட்டி விட்டுட்டாங்க," என்றாள் மனைவி. "இனிமே என்கூடயாவது பேசுங்க."

"கழட்டினா எழுதித் தெரிவிக்கணும்."

"ஆமா, கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள் தடவி அனுப்புவாங்க."

பத்திரிகை என்றதும் எனக்குப் பின் என் நாற்காலிக்கு வந்தவர் நினைவுக்கு வந்தார். வெகுகாலம் என்னுடன் வேலை பார்த்தவர். இளைய மகளுக்கு ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் ஆம்பூரில் கல்யாணம் வைத்திருந்தார். மூத்தவளுக்குத் தாலி ஏறியபோது அவர் மண்டபத்தில் இல்லை. நின்றுபோன ஒரு சர்வரின் முன்னால் நின்றிருந்தார். அந்தக் கல்யாணப் படத்தில் அவர் இடத்தில் அவருடைய மச்சான் இருக்கிறார். இந்த முறையும் டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றால் ஓடிவர வேண்டியவர் அவர்தான்.

டிஸ்க் தானாகக் காலியாவதில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"ஸ்கிரீன் பூரா பச்சை சார். ஆண்டவன் புண்ணியத்துல ஒரு அலாரம் இல்ல. நான் புடவைக் கடையில இருக்கேன்."

"பூஜைக்குக் கற்பூரம் ஏத்தினீங்களா?"

"ஏத்தாம இருப்பமா? சர்வர் அடுக்கின ஒவ்வொரு ரேக்குக்கும் சந்தனம், குங்குமம், வாசல்ல பூசணிக்காய்..."

"மென்பொருள மெயின்டனன்ஸ்ல போட்டுட்டுத்தானே ஏத்தினீங்க?"

எங்கள் வழக்கம் அது. கற்பூரப் புகையும் திறந்த கதவும் சேர்ந்தால் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். அதனால் பூஜை முடியும்வரை மென்பொருளைப் பராமரிப்பு நிலையில் வைத்து அதன் வாயை அடைப்போம். அந்த நிலை எப்போது முடியும் என்று நேரம் குறித்துத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. பொரி பங்கு போடும் அவசரத்தில் யாரும் குறிப்பதில்லை. குறிக்காவிட்டால், யாராவது கையால் எடுத்துவிடும்வரை அது பேசாது.

மறுமுனையில், ஜரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கடைக்காரரை அவர் நிறுத்துவது கேட்டது.

"ஐயோ சார், எடுக்கவே இல்ல."

"இப்ப எடுக்கச் சொல்லுங்க. புடவை எங்கேயும் ஓடாது."

சற்று நேரத்தில் என் கைப்பேசி ஓயாமல் ஒலித்தது. டிஸ்க் நிரம்பும் விளிம்பில் நின்றது. அன்று மாலையே பழைய பதிவுகளை அகற்றி இடம் பண்ணினார்கள்.

ஆம்பூரில் அவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். படத்தில் இந்த முறை அவரே இருக்கிறார், தோள்துண்டால் கண்ணைத் துடைத்தபடி. பந்தியில் என் பக்கத்தில் வந்து நின்ற அவரிடம் என் விண்ணப்பத்தை நினைவூட்டினேன்.

"இருக்கட்டும் சார். நீங்க லிஸ்ட்ல இருக்கறது எனக்கு ஒரு தைரியம்."

"விதி என்னன்னா..."

"ரசம் ஊத்தச் சொல்லவா சார்?"

பிறகு அவர் வேறு கிளைக்கு மாறிப் போனார். அந்த இடத்துக்கு வந்த யாரோ ஒருவர் விதியைப் படித்திருக்கிறார். என் எண் நீக்கப்பட்டது என்று எழுத்தில், முறைப்படி, பதில் வந்தது. தேதி: மறு ஆண்டு ஆயுத பூஜை. நேரம்: காலை, கற்பூரம் ஏற்றுவதற்குச் சற்று முன்.