பாறையில் ஒரு வெள்ளைக் கோடு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

லண்டன் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தருகே, பயணச்சீட்டும் விடுதியும் பதிவுசெய்யும் கடையொன்றை நடத்தும், நான் சந்தித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். மெலிந்தவர், கோடையிலும் கம்பளித் தொப்பி அணிந்திருந்தார். எந்த விடுதியின் படத்தையும் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்த பின்னரே கணினியைத் தொடுவார்.

என் மகன் தன் பிள்ளைகளுடன், ஆளரவமற்ற பாலைவனப் பள்ளத்தாக்கொன்றின் கூடார விடுதியில் ஒரு வாரம் தங்க விரும்பினான். அதைப் பதிவுசெய்ய அவன் அந்தக் கடைக்குப் போனபோது நானும் உடன் சென்றிருந்தேன்.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, பாறையில இந்த வெள்ளைக் கோடு தெரியுதோ? தண்ணி வந்து நிண்ட தடம். கூடாரமெல்லாம் அதுக்குக் கீழதான் கிடக்கு."

"பாலைவனத்தில வெள்ளமோ அண்ணை? அப்ப குடையும் கொண்டு போறன்," என்று மகன் சிரித்தான்.

"மழை எங்கையோ மலையில பெய்யும். இஞ்ச வானம் வெளிச்சுக் கிடக்கும். வெளிய வர ஒரு வழிதான். நான் பதிய மாட்டன்."

வந்த வியாபாரத்தை மறுத்தவரை விசரன் என்ற மகன், வீட்டுக்கு வந்து தானே இணையத்தில் பதிவுசெய்தான். நாளை காலை என் பேத்திகள் இருவரும் அவனுடன் புறப்படுகிறார்கள்.

அம்மனிதர் தவறாகக் கண்டிருக்க வேண்டும் என்றே வேண்டுகிறேன். ஆயினும், அவர் சொன்னது நடந்துவிட்டால், முன்பே எச்சரித்தவர் ஒருவர் இருந்தார் என்பதற்குச் சாட்சியாக இக்குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.