அஜக்ஸ் வைரவர்

போன ஞாயிறு அஜக்ஸில் ஒரு குடிபூரல். புதுவீட்டைத் தேடி வழிதவறி, ஒரு பிளாசாவின் வாசலில் காரை நிறுத்தினேன். பக்கத்தில் இரும்புத் தூணில் ஒரு நீலப் பலகை. பலகையைக் கண்டால் வாசிக்காமல் என்னால் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. முதற்குடியேறிகளின் எல்லைக்கல் இந்த இடத்தில் நின்றது என்றும், இப்போது மியூசியத்தில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. காருக்குள் மனைவி இருந்தாள். அவளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பலகையைத் திரும்பவும் வாசித்தேன்.

உங்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நாங்கள் மோர்னிங்சைட்டில் ஒரு அபார்ட்மென்ரில் இருந்தோம். கோடையில் விடியவே ஒரு வான் வந்து எங்களை அள்ளிக்கொண்டுபோய், நாள் முழுக்கக் குனிந்து பழம் பிடுங்க ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் இறக்கும். இன்றைக்கும் கடையில் அந்தப் பழவாசம் மூக்கில் பட்டால் என் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போகும். ஊரில் வங்கிக் கதிரையில் இருந்த துரைக்கு நல்லாய் வேண்டும் என்று என்னை நானே ஏசிக்கொள்வேன்.

அப்போது இங்கே பிளாசா ஏது? கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். ஒரு மூலையில் ஓக் மரம், அதன் கீழே முழங்கால் உயரத்தில் பாசி பிடித்த கருங்கல். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிழல் தேடிப் போன மனைவி, கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, வைரவர்!"

"உனக்கென்ன விசரே? வெள்ளைக்காரன்ர காணியில வைரவரோ?"

எங்கள் பக்கத்தில் மரத்தடியில் கல் நின்றால் அது வைரவர்தான், வேறு சாட்சி தேவையில்லை. அவளுடைய ஒரே தம்பி அப்போது கள்ளமாய் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி எங்களிடம் வர வெளிக்கிட்டு, மொஸ்கோவிலிருந்து ஒருமுறை ரெலிபோன் எடுத்தவன், பிறகு ஒரு சத்தமும் இல்லை. றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போய் அழ எங்களிடம் காரும் இல்லை. தம்பி வந்து சேர்ந்தால் வடைமாலை சாத்துவேன் என்று அந்தக் கல்லுக்கே நேர்த்தி வைத்தாள். அடுத்த நாள் பூவும் கற்பூரமும் கூடவே வந்தன.

புகையைக் கண்ட தோட்டக்காரக் கிழவர் டிராக்டரில் பறந்து வந்தார். சரி, வேலை போச்சு என்று நினைத்தேன். அவருக்கு முன்னே அவருடைய கறுப்பு நாய் ஓடிவந்து கல்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டது.

"பாத்தியளே, வாகனமும் வந்திட்டுது!" என்று மனைவி கும்பிட்டாள். அதற்குமேல் நான் என்னத்தை வாதாடுவது?

கிழவர் நெருப்பை மிதித்து அணைத்தார். பிறகு பூவைக் கண்டார். தன் முன்னோரின் கல்லுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துவிட்டார், பாவம். அன்று பின்னேரம் எங்களை டிரக்கில் ஏற்றி அந்தச் சுற்றுவட்டாரத்தையே காட்டினார். மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய முதல் வீடு, ஆற்றங்கரையில் கூரை விழுந்த மா அரைக்கும் ஆலை, சவக்காலையோடு ஒரு சின்னக் கல் தேவாலயம். எல்லாம் காடாய்க் கிடந்த நாளில் நில அளவைக்காரன் நட்ட கல்லாம் அது. அதிலிருந்துதான் அந்தப் பகுதிக் காணியெல்லாம் அளந்தார்களாம். எனக்கு விளங்கிய மட்டில் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சவக்காலையில் அவர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. முதலில் வந்த பாட்டன், அயர்லாந்தில் கப்பலேறிய தன் தம்பியை எதிர்பார்த்து அந்தக் கல்லடியில்தான் இருப்பாராம். தம்பி கடலிலேயே காய்ச்சலில் போய்விட்டான். கல்லறையில் பெயர் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"நல்ல மனிசராம்" என்றேன்.

சவக்காலைத் தீட்டென்று அன்று முழுகின பிறகுதான் என்னைக் குசினிக்குள் விட்டாள்.

கிழவர் செத்தபின் பிள்ளைகள் காணியை விற்றார்கள். நாங்களும் வேறு வேலை தேடிப் போய்விட்டோம். ஓக் மரம் போயிற்று, ஆலை போயிற்று. அந்த இடத்தில் கட்டிய வீடுகளை எங்கள் சனமே வாங்கியது, ஆரை நோவது? தம்பி வரவில்லை. செத்தான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. விசாரித்து விசாரித்து நான் களைத்துப்போனேன். கல் அங்கேயேதான் நிற்கிறது என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

காருக்குள் ஏறி விஷயத்தைச் சொன்னேன்.

"கல்லை மியூசியத்தில கொண்டுபோய் வைச்சிட்டினமாம்."

அவள் கார்க் கண்ணாடியை இறக்கிப் பிளாசாவை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப தம்பி வந்தால், வடைமாலையை எங்க கொண்டுபோய்ச் சாத்திறது?"