ஒரே வண்டிக்கு இரண்டு தடவை எலுமிச்சம்பழம்

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்போது ஒரு சத்தம் வரும். பெரிய சத்தமில்லை. யாரோ நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தது போல, ச்சக். அதன் பின்னாலேயே வாசனை வரும். தோலின் எண்ணெய், சாறு, சூடான தார், கொஞ்சம் ரப்பர். புளியங்குடி சந்தைப் பக்கம் போகும்போது, கீழே சிந்திக் கிடக்கும் பழத்தின் மேல் லாரி ஏறினால் போதும், என் வலது தொடை தானாகச் சில்லிட்டுக்கொள்ளும். வேட்டி நனைந்துவிட்டதோ என்று கை போய்த் தடவிப் பார்க்கும். எல்லாம் என் அக்காவாலும் அவளுடைய கரண்டு காராலும் வந்தது.

அக்கா சங்கரன்கோவிலில் சேலைக்கடை வைத்திருக்கிறாள். ஆச்சியாகப் போகிற வயசில் கார் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, கரண்டில் ஓடுகிற வண்டியாகப் பார்த்து வாங்கினாள். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, சத்தமும் கிடையாது. "நாள் பூரா தறிச்சத்தம் கேட்டு வளந்தவளுக்கு இது ஒண்ணுதாம்ல அமைதி" என்பாள். அந்த வண்டியில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டியரிங். அவ்வளவு லேசு. கடையில் சேலையை உதறி விரிக்கிற அதே மணிக்கட்டால் தெருமுனையில் வண்டியைத் திருப்புவாள். "பட்டுன்னா கனம்லா. இது சுங்கடி" என்று அதற்குத் தரச்சான்றும் கொடுத்திருந்தாள். அத்தானுக்குக் காரில் ஏறினாலே குமட்டும். ஆகவே முன்சீட்டு எனக்கு. நான் எழுதுகிறவன், ஊர்க் கணக்கில் அதற்கு வேலையில்லாதவன் என்று பொருள்.

அக்காவின் மகளைத் திருவேங்கடத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்கு வளைகாப்பு வைத்து, அன்றைக்கே பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதாக ஏற்பாடு. ஒரு வாரம் முன்பு சம்பந்தியம்மா போன் செய்தாள். மெதுவாகப் பேசுகிறவள் அவள். அந்த மெதுவுக்குத்தான் எங்கள் வீட்டில் பயம்.

"மதினி, வரும்போது ஒரு டிரைவரப் போட்டுக்கிட்டு வாங்க. வாயும் வயிறுமா இருக்க புள்ளய நீங்க ஓட்டுத வண்டியில நான் எப்படி அனுப்ப?"

"நாந்தான் ஓட்டிட்டு வருவேன் மதினி. நாந்தான் கூட்டிட்டும் போவேன்."

"பாப்போம்" என்றாள் சம்பந்தியம்மா.

அந்தப் 'பாப்போம்' அக்காவின் காதில் புதுக் கம்மல் மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தது. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆடியது. அன்று சாயந்தரமே ஒரு தூக்குச்சட்டியில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் என் மடியில் வைத்தாள்.

"இதுல ஒரு சொட்டு வெளிய வந்தா நான் தோத்தேன். ஏறு."

சாயந்தரந்தோறும் புளியங்குடி ரோட்டில் அந்தத் தூக்கும் நானும் ஊர்வலம் போனோம். முதல் நாள் நான் குளித்தேன் என்றே சொல்லவேண்டும். மறுநாள் முழங்காலோடு நின்றது. பிறகு தண்ணீருக்கே பழகிவிட்டது. வளைவில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, வானத்தை ஒரு கண் பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். டீக்கடையில் நிறுத்தினால் உள்ளேயிருந்து ஒருத்தர், "என்ன அண்ணாச்சி, ஊருல தண்ணிப் பஞ்சமா? மடியில வச்சுக் காவந்து பண்ணுதீய?" என்பார். நான் தலையை ஆட்டுவதோடு சரி. பதில் சொன்னால் சிந்திவிடும்.

அப்புறம் ஒரு காலையில், வளைகாப்புக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது, வண்டியின் திரையில் ஒரு பெட்டி வந்து மரியாதையாகக் கேட்டது: புதுசு ஒன்று வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளலாமா? அக்கா வாழ்நாளெல்லாம் கடையில் நிற்கிறவள். கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அமுக்கிவிட்டாள்.

சாயந்தரம் ஊரைத் தாண்டி முதல் வளைவு. அக்கா வழக்கம்போல மணிக்கட்டால் ஒடித்தாள். ஸ்டியரிங் வரவில்லை. தள்ளினாள், வரவில்லை. இன்னும் தள்ளினாள், மொத்தமாக வந்தது. தண்ணீர் எழுந்து நின்று, ஒரு கணம் யோசித்து, என் தொடையில் உட்கார்ந்தது.

அக்கா வண்டியை ஓரங்கட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"ஏலே, இது என் வண்டி இல்ல."

டயர் கடைக்காரர் காற்றைப் பார்த்தார், சக்கரம் நேராக இருக்கிறதா என்று மெஷின் வைத்துப் பார்த்தார். "எல்லாம் நேராத்தான் இருக்கு அக்கா, நீங்கதான் இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கீய" என்றார். கம்பெனிக்குப் போன் போட்டால் தேன் தடவிய குரலில் ஒரு பெண்பிள்ளை எடுத்தது.

"மேடம், புது அப்டேட்ல ஸ்டியரிங்க இன்னும் நல்லா ஆக்கியிருக்கோம்."

"நல்லா இல்லன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"நீங்க சொல்லல மேடம்."

"அப்ப பழசக் குடுங்க."

"பழசுக்குத் திரும்பப் போக முடியாது மேடம். செட்டிங்ஸ்ல லைட்னு ஒண்ணு இருக்கும், அத வச்சுப் பாருங்களேன்."

வைத்துப் பார்த்தாள். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இது அந்த லேசு இல்ல. வெறும் பாசாங்கு லேசு" என்று திரையை அணைத்தாள். "சுங்கடியக் குடுத்துட்டு ஒரே பகல்ல பட்டுச்சேலையா மாத்திட்டானுவ."

எனக்குத் தெரிந்த அளவில் அவளுக்கு விளக்கினேன். ஸ்டியரிங்கைத் திருப்புவது நம் கை மட்டும் இல்லை. உள்ளே ஒரு மோட்டார் இருந்து கூடமாட உதவுகிறது. எந்த வேகத்தில் எவ்வளவு உதவவேண்டும் என்பதை யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தைத்தான் இப்போது திருத்தியிருக்கிறார்கள்.

"அப்ப என் கையில என்ன படணும்ங்கதையும் ஒருத்தன் உக்காந்து எழுதுதானா? ஒன்னய மாதிரி?"

"என்னய மாதிரின்னா?"

"எழுதி முடிச்ச பொறவும் நோண்டிக்கிட்டே கெடக்கது."

சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த ஆளை எனக்குத் தெரியும் போலவே இருந்தது. எங்கோ குளிரூட்டிய அறையில், எல்லாரும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்ட வரியின் முன்னால் நகம் கடித்துக்கொண்டிருப்பான். கொஞ்சம் லேசாகப் போய்விட்டதோ? இன்னும் கொஞ்சம் கனம் வைத்தால் நேர்ரோட்டில் நின்று பேசுமோ? வைப்பான். உண்மையில் நேர்ரோட்டில் வண்டி முன்னைவிட நன்றாகத்தான் போனது. லாரி கடக்கும்போது அலையவில்லை, பிடித்த கோட்டை விடவில்லை. அதை அக்காவிடம் சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை. நானும் எத்தனையோ வரிகளை அப்படி மாற்றியிருக்கிறேன். படித்தவர் ஒருவர்கூடத் தொடையில் தண்ணீர் கொட்டி அதைக் கண்டுபிடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கடைக்குப் போகுமுன் என்னைக் கூப்பிட்டாள். கையில் மாலை, சூடம், புளியங்குடி எலுமிச்சம்பழம் நாலு.

"எதுக்குக்கா?"

"புது வண்டிக்குப் பூசை போட வேண்டாமா?"

தெருமுனைப் பிள்ளையார் கோவில் பூசாரி, வண்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்குத்தான் அன்னைக்கே போட்டமே."

"அது இதுக்கு முந்தின வண்டி சாமி."

"நம்பர் அதேதான இருக்கு."

"நம்பர் அதே. கொணம் வேற. போனவன் சொல்லிட்டுப் போகல, வந்தவன் இன்னாருன்னு சொல்லிட்டு வரல. ரெண்டு பேருக்கும் ஒரே பூசையிலயா முடிக்க?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "அப்ப எப்பல்லாம் மாறுதோ அப்பல்லாம் இங்கன வருவீயளா?"

"வருவேன்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. சூடம் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் அடியில் பழத்தை வைத்தார். அக்கா வண்டியை முன்னால் எடுத்தாள். ச்சக், ச்சக். அப்புறம் அந்த வாசனை.

எலுமிச்சம்பழத்தால் ஸ்டியரிங் ஒன்றும் லேசாகிவிடவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அக்கா பழைய வண்டியைப் பற்றிப் பேசுவதை விட்டாள். அது போய்விட்டது, முறைப்படி வழியனுப்பியாயிற்று. இவன் புதியவன். தூக்குச்சட்டி மறுபடி என் மடிக்கு வந்தது. மறுபடி நான் குளித்தேன். மணிக்கட்டை விட்டுத் தோளால் திருப்பக் கற்றுக்கொண்டாள். வளைவுக்கு முன்னாலேயே மெல்ல அழுத்த ஆரம்பித்தாள். சனிக்கிழமை இருட்டும்போது தண்ணீர் மறுபடி வானம் பார்க்கத் தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் சோற்றுப் பாத்திரங்களோடும் சீர்த்தட்டுகளோடும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். எங்கள் காரில் அக்கா, நான், பாசிப்பருப்புப் பாயாசம். அதே தூக்குத்தான். வாயில் வாழையிலையை வைத்து நாரால் கட்டியிருந்தது. கரிசக்காட்டு ரோட்டில் அக்கா ஓட்டிய ஓட்டத்தைக் கண்ணைத் திறந்துகொண்டே ரசித்தேன். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் சரசரத்தது. வண்டியில் அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

திருவேங்கடம் ஊருக்குள் நுழைந்தபோது ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. ரோட்டில் கனமாக இருக்கிற ஸ்டியரிங், வேகம் குறைந்ததும் லேசாகிவிடும். அதை அக்காவின் கை அந்த நொடியில் மறந்தது. ரோட்டுக் கனத்துக்கே தோளால் தள்ளினாள். வண்டி சட்டென்று அரைவட்டம் போட்டு நின்றது. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. ஒன்று திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுக்கூடப் போனது. என் மடியில் வாழையிலை நழுவி, பாதிப் பாயாசம் சூடாக, ஏலக்காய் மணக்க, வேட்டிக்குள் இறங்கியது.

அக்கா நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "தோள்துண்ட எடுத்து இடுப்புல சுத்து. வாயத் திறக்காத" என்றாள்.

சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினோம். சம்பந்தியம்மா உள்ளேயிருந்து வந்து சேருவதற்குள் அக்கா கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் வந்திருந்தாள். யார் எந்தப் பக்கம் இறங்கினோம் என்பதை அவள் பார்க்கவில்லை.

"வாங்க மதினி. வாங்க தம்பி. நல்லபடியா ஓட்டிட்டு வந்துட்டீயளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். முகமெல்லாம் நிம்மதி. "இப்பதான் எனக்கு உசிரு வந்துது. இதே மாதிரி புள்ளய மெதுவாக் கூட்டிட்டுப் போயிருங்க, தம்பி."

எல்லாம் முடிந்துவிட்டது. நான் சும்மா சிரித்தால் போதும், வளையல் போட்டு, சாப்பிட்டு, பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஊர் எல்லை வரை நான் ஓட்டி, அங்கே இடம் மாறி உட்கார்ந்துகொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அக்காவைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் யோசிக்கிறாள் என்பது காதோரம் தெரிந்தது. கம்மல் ஆடியது.

கையை நீட்டி என் இடுப்புத் துண்டை உருவினாள்.

"பாருங்க மதினி. மடியில பாயாசத்தக் கொட்டிக்கிட்டு ஒருத்தன் வண்டி ஓட்ட முடியுமா? ஓட்டுனது நான். கொட்டுனதும் நாந்தான்."

வாசலில் நின்ற அத்தனை பேரும் என் வேட்டியைப் பார்த்தார்கள். நான் அதைக் கொடி மாதிரி கொஞ்சம் விரித்துப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அக்கா நடந்ததை எல்லாம் சொன்னாள். பெட்டி கேட்டது, அமுக்கியது, லேசு போனது, எலுமிச்சம்பழம், ஆடு. சம்பந்தியம்மா முழுசாகக் கேட்டாள். கடைசியில், மெதுவாக:

"மீதிப் பாயாசம் இருக்குல்லா?"

பட்டுச்சேலையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வாழையிலையை எடுத்துப் போட்டுவிட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வருவோம் மதினி."

நாங்கள் தெருவிலேயே நின்றோம். மருமகள் மணையில் உட்கார வேண்டியவள், வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அம்மாவுக்கு வருமா?"

"வரும்."

"நெசமா?"

"ஆடு குறுக்க வராட்டா."

சத்தம் போடாத வண்டியை எதிர்பார்த்து நிற்பது பெரிய கொடுமை. காது வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது. திடீரென்று தெருமுனையில் முகம் காட்டியது, நிதானமாக வளைந்தது, வாசலில் நின்றது. சம்பந்தியம்மா இறங்கினாள். எல்லார் கண்ணும் அவள் மடிக்குப் போனது. பட்டுச்சேலை, ஒரு துளி கறை இல்லை. எனக்குச் சந்தேகம். தூக்குக்குள் எட்டிப் பார்த்தேன். பாயாசம் இன்னும் பாதியாகக் குறைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் மேலுதட்டில் மெல்லிசாக ஒரு கோடு.

"ஏலக்கா கொஞ்சம் கூடிப்போச்சு மதினி" என்றாள். அவ்வளவுதான் தீர்ப்பு. மணையைப் போடச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

சாயந்தரம் கிளம்பினோம். முன்சீட்டு இப்போது மருமகளுக்கு. கை நிறைய வளையல், அவள் அசைந்தாலே வண்டிக்கு ஒரு சத்தம் கிடைத்தது. நான் பின்னால், காலிப் பாத்திரங்களுக்கு நடுவில், விறைத்துக் காய்ந்துபோன வேட்டியோடு. அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டாள். சம்பந்தியம்மா ஜன்னலுக்குள் தலையை விட்டு, சீட் பெல்ட்டைத் தானே இழுத்து, வயிற்றுக்குக் கீழே தாழ்த்தி மாட்டிவிட்டாள். ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள். பிறகு மருமகளைத் தாண்டி அக்காவின் முகத்தைப் பார்த்து, அதே மெதுவான குரலில் சொன்னாள்:

"மதினி, புள்ள பொறக்குத வரைக்கும் அந்த வண்டி என்ன கேட்டாலும் வேண்டாம்னே அமுக்குங்க."