சிப்பி போட்டுத் திறந்த படல்

கரையூரில் லீமாரோஸுக்குப் ‘படல்காரி’ என்று பேர் விழுந்தது அவள் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம். ஐம்பத்தேழு பொதுத்தேர்தலின் சுவரெழுத்துகள் இன்னும் அழியாத ஆனி மாதம். மதுரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் ராமசுப்பிரமணியன், பிள்ளைகளும் குடியரசைப் பழகட்டும் என்று பள்ளிக்கூடத்தில் மாணவர் மன்றம் தொடங்கினார். பெட்டி வைத்து ஓட்டுப் போட்டார்கள். ஒருநாளும் பிந்தி வராத லீமாரோஸ் தலைவி ஆனாள்.

அவள் பிந்தாததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அய்யா பெஞ்சமினுக்கு ரயில்பாதையில் வேலை. ரயில்வே வீடுகளுக்குக் குடிதண்ணீர் ரயிலிலேயே வந்து இறங்கும். மற்றக் கரையூர்ப் பெண்பிள்ளைகள் விடியுமுன்னே மணல்மேட்டு ஊற்றில் குடத்தை வரிசை வைக்க வேண்டும். ஒருத்தி குடம் நிறைந்தால் ஊற்று வற்றிவிடும். மறுபடி ஊறும்வரை அடுத்தவள் காத்திருப்பாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஊறுவதும் மெதுவு. பாதியில் எழுந்து போனால் குடம் கடைசிக்குத் தள்ளப்படும்.

தலைவிக்குக் கொடுத்த முதல் வேலை, மணி அடித்ததும் வாசலில் இருந்த பனைமட்டைப் படலைச் சாத்திக் கயிறு கட்டுவது. அதன்பிறகு வருகிறவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். தங்களுக்காகப் பேசுவாள் என்று ஓட்டுப் போட்ட பிள்ளைகளுக்கு அவள் காவல்காரி ஆகிப்போனாள்.

ஒரு வியாழக்கிழமை அவளுடைய வகுப்புத் தோழி யாகப்பம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து படலைப் பிடித்துக்கொண்டாள்.

“அடியே லீமா, கயித்த அவுருடி.”

“மணி அடிச்சாச்சு. சார் பாத்துக்கிட்டு நிக்கிறாரு.”

“ரயில் தண்ணி குடிக்கிறவளுக்கு ஊத்து வரிசை எங்க தெரியப்போகுது? இன்னொருக்க திருப்பி விட்டாகன்னா பள்ளிக்கூடமே வேணாம், கருவாடு காயப்போட வந்துருன்னு எங்கய்யா சொல்லிட்டாரு. இன்னிக்குக் கடலுக்குப் போயிருக்காரு, தப்பிச்சேன்.”

லீமாரோஸ் கயிற்றை அவிழ்க்கவில்லை. பள்ளி விடும்வரை யாகப்பம்மாள் கோயில் நிழலில் ஒளிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அய்யா சவேரியார் சொன்னதைச் செய்கிறவர். மூத்த மகளை அப்படித்தான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார். லீமாரோஸுக்கு அது தெரியும்.

மறுநாள் பூவரச மரத்தடியில் மன்றம் கூடியது. லீமாரோஸ் எழுந்தாள்.

“சார், மணி அடிச்சப்புறம் கொஞ்ச நேரம் படலத் திறந்து வைக்கணும். ஊத்துக்குப் போற பிள்ளைகளுக்கு நேரம் பத்தல.”

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

“மன்றம் முடிவு பண்ணட்டும். பிந்தி வர்றது நல்ல பழக்கமா?”

“இல்லை சார்!” என்று கோயிலில் செபத்துக்குப் பதில் சொல்வதுபோல எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“சரி, திறந்து வைக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. யாகப்பம்மாள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையிலிருந்து யேசுதாஸ், “தலைவி ஒத்தக் கையிலேயே படலத் தூக்கப்போறாடோய்!” என்றான். சிரிப்பு எழுந்தது.

உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தால் யாகப்பம்மாள் கருவாட்டுப் பாயில்தான். கரைவலை இழுக்கிறவர்கள் மீனைக் கூறு வைக்கும் முறை அப்போது அவளுக்கு நினைவு வந்தது. எனக்கு இது, உனக்கு அது என்று அங்கே யாரும் வாய்திறப்பதில்லை. ஆளுக்கொரு சிப்பியோ குச்சியோ மறைத்துக் கொடுப்பார்கள். எது யாருடையது என்று தெரியாத ஒருவர் கூறுக்கு ஒன்றாக வைப்பார்; தன் சிப்பி விழுந்த கூறு அவரவருக்கு. முகம் பார்க்காததால் சண்டையும் இல்லை.

“சார், கை தூக்கச் சொன்னா எல்லாரும் ஒங்க முகத்தத்தான் பாப்பாக. கரையில கூறுக்குப் போடுறாப்புல சிப்பி போடுவோம். தேர்தல்லயும் மறைவாத்தான போட்டோம்?”

சொல்லி முடித்தபிறகுதான், யார் முகத்தைப் பற்றிச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தலையசைத்தார்.

கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு பானைகள் வைத்தார்கள். திறக்க வேண்டும் என்கிறவர்களுக்குப் பூவரச இலை கட்டிய பானை. வேண்டாம் என்கிறவர்களுக்கு மற்றது. ஒவ்வொருவராகச் சிப்பியோடு போய் வெறுங்கையோடு வந்தார்கள். இரண்டையும் மணலில் கவிழ்த்தபோது இலைப் பானை குவியலாகக் கொட்டியது. மற்றதிலிருந்து கலகலவென்று கொஞ்சம் விழுந்தது. எண்ண வேண்டியிருக்கவில்லை.

தலைமையாசிரியர் குவியலைப் பார்த்தார். “திங்கட்கிழமை பார்ப்போம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு என்ன அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் லீமாரோஸுக்கு அதே யோசனைதான்.

திங்கட்கிழமை காற்று பலம். வள்ளங்கள் கடலில் இறங்கவில்லை. பள்ளிக்கு வரும் வழியிலேயே சவேரியார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் திரும்பினால் அவர் கண்ணில் படாமல் போக முடியாது.

மணி அடித்தது. யாகப்பம்மாளைக் காணோம். லீமாரோஸ் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“படலைச் சாத்தலையா?” தலைமையாசிரியர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“மன்றம் சொல்லிருச்சே சார்.”

அவர் பாதையைப் பார்த்தார். ஈரக் கூந்தலோடு சில பிள்ளைகள் ஓடிவந்து அவரைக் கண்டதும் தயங்கி, தலைகுனிந்து உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் யாகப்பம்மாள் இல்லை. தூரத்தில் சவேரியார் தலைநிமிர்ந்து பள்ளி வாசலைப் பார்ப்பது தெரிந்தது.

“வாழ்த்துப்பாட்டைக் கொஞ்சம் கழிச்சுப் பாடலாம்” என்றார் தலைமையாசிரியர்.

மணல்மேட்டில் ஒரு தலை தெரிந்தது. இடுப்பில் குடம். வீட்டில் இறக்கிவைக்கக்கூட நேரமில்லாமல் குடத்தோடேயே ஓடிவந்தாள் யாகப்பம்மாள். தண்ணீர் தளும்பிப் பாவாடையெல்லாம் ஈரம். அய்யாவைத் தாண்டும்போது அவள் திரும்பியே பார்க்கவில்லை. சவேரியார் மகள் உள்ளே நுழையும்வரை பார்த்திருந்துவிட்டு, மறுபடி வலைக்குக் குனிந்தார்.

லீமாரோஸ் படலைச் சாத்தினாள். காற்றில் படல் ஆடியதில் முடிச்சு விழவில்லை. யாகப்பம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “தள்ளுடி தலைவி” என்று தானே கயிற்றைக் கட்டினாள்.