தீதி சொன்ன தாடான்

போன வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். கொல்கத்தாவில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் இந்தக் கதை ஆரம்பித்தது. பிள்ளைகளே, தொடக்கத்தில் கொஞ்சம் வலி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே சிரிப்புக்கு வந்துவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டிரைவர். திருச்சியிலிருந்து மாற்றலாகி, மனைவி, மகளோடு கொல்கத்தாவுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. டாக்குரியாவில் வாடகை வீடு. மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் வந்த கொஞ்ச நாளிலேயே பெங்காலியில் வெளுத்துக்கட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அலுவலகத்தில் இந்தி போதும். நாள் முழுவதும் கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவன் காதில் தெருவில் பேசும் பாஷை எப்படி ஏறும்?

அன்று நியூ டவுனில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். தினமும் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவன் நான். அன்று ஒரு நாள் பயணியாக முன்சீட்டில் ஜாலியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு திருப்பத்தில், நனைந்த சாலையில் வழுக்கிக்கொண்டு வந்த இன்னொரு கார் நான் இருந்த பக்கமாக மோதியது. பெல்ட் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. (நீங்களும் போடுங்கள். பின்சீட்டில் உட்கார்ந்தாலும்தான்.) இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்தபோது எனக்கு மழை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரு வழியாக டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடி வருகிறது, இனி கால் ஊன்றலாம், பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார். டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு மையம் இருந்தது. மனைவி ரிக்‌ஷாவில் ஏற்றி அழைத்துப் போவாள்.

அங்கே எனக்குப் பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் தீதி என்றுதான் கூப்பிடுவார்கள். தீதி என்றால் அக்கா. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனால் அந்த அறைக்குள் அவர்தான் ராணி. என்னைத் தாதா என்பார். உடனே சிரிக்காதீர்கள், பெங்காலியில் அது அண்ணன். ஊருக்கு வந்த புதிதில் யாரோ முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது, அதற்குள் நான் தாத்தா ஆகிவிட்டேனா என்று கண்ணாடியில் போய்த் தலைமுடியைப் பார்த்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

தீதி என்னிடம் ஊர்க்கதை பேசுவதென்றால் இந்தியில் பேசுவார். கட்டளை போடும்போது மட்டும் பெங்காலி வந்துவிடும். "போஷுன்" என்றால் உட்காருங்கள். "தாடான்" என்றால் நில்லுங்கள். "ஆர் ஏக்டு" என்றால் இன்னும் கொஞ்சம். எனக்குத் தெரிந்த பெங்காலி அகராதி அவ்வளவுதான். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்வார். கணுக்காலில் மணல் பையைக் கட்டித் தூக்கச் சொல்வார். "ஏக், துய், தீன்" என்று எண்ணிக்கொண்டே வந்து, முடிக்க வேண்டிய இடத்தில் யாருடனாவது பேசப் போய்விடுவார். கால் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவர். எல்லோரும் அவரை மேஷோ என்பார்கள், நம் ஊரில் சித்தப்பா மாதிரி. அவர் வருவது பயிற்சிக்காகவா என்னைக் கிண்டல் செய்யவா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

"தாதா, உங்களுடையது கவர்ன்மென்ட் கால். அதான் லீவு போட்டுட்டுப் படுத்திருக்கு" என்பார் இந்தியில்.

"உங்க கால் மட்டும் என்ன மேஷோ?"

"என்னுடையது ரிட்டையர் ஆன கால். அதுக்கு உரிமை இருக்கு!"

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒன்றே ஒன்று மட்டும் நடக்கவில்லை. அறையின் நடுவில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு நீளக் கம்பிகள் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று பழக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நாள், கையை எடுத்தவுடன் என் முழங்கால் மடங்கிவிட்டது. தீதி பாய்ந்து பிடித்ததால் விழவில்லை. ஆனால் அன்றையிலிருந்து என் கை கம்பியை விட மறுத்தது. பிடித்துக்கொண்டு நிற்பேன், நடப்பேன், பாட்டுகூடப் பாடுவேன். விடு என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும்.

"எலும்பு ரெடி, சதை ரெடி. நீங்கதான் தாதா ரெடி இல்லை" என்பார் தீதி.

வீட்டில் இதைவிடப் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. துர்கா பூஜை நெருங்கிவிட்டது. இங்கே பூஜை என்றால் ஊரே புதுத்துணி உடுத்திக்கொண்டு தெருத்தெருவாகப் பந்தல் பார்க்கக் கிளம்பிவிடும். முந்தைய இரண்டு வருடமும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு மேலாக அம்மன் முகத்தைக் காட்டியிருக்கிறேன். அந்த வருடம் மனைவி கடியாஹாட் கடைத்தெருவில் இடிபட்டு, மகளுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன் வாங்கி வந்தாள். மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், திரும்பக் கவருக்குள் வைத்துவிட்டாள்.

"போட்டுப் பாருடி, அளவு சரியா இருக்கான்னு பார்க்கணும்" என்றாள் மனைவி.

"மாட்டேன். அப்பா பிடிக்காம நின்னாத்தான் போட்டுப்பேன். அப்பா வரலைன்னா நான் பந்தலுக்கும் போக மாட்டேன்."

"அப்பாவுக்குக் கால் வலிக்குமேம்மா" என்றேன் நான், பாவம்போல.

"வலி இல்லை. தீதி சொன்னாங்கன்னு அம்மா சொன்னாளே. நீ பீத்து, அப்பா!"

எனக்குச் சுருக்கென்றது. "நான் எங்கடி பீத்திக்கிட்டேன்? கால் உடைஞ்சு கிடக்கிறவன் எதை வச்சுப் பீத்திக்கிறது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அப்பா, பீத்துன்னா பெங்காலியில பயந்தாங்கொள்ளி!"

மனைவி அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் பிடிவாதக்காரி. சொன்னால் சொன்னதுதான். அடுத்த நாளிலிருந்து அந்தக் கவர் நான் படுக்கும் கட்டிலுக்கு எதிரே, ஆணியில் தொங்க ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தால் மஞ்சள் கவுன். தெருமுனையில் மூங்கில் கட்டிப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. பந்தல் ஒவ்வொரு நாளும் நிமிர்ந்து நிற்கிறது, நான்தான் நிற்கவில்லை.

பூஜைக்கு முன்னால் மையம் திறந்திருந்த கடைசி நாள் வந்தது. பயிற்சி முடிந்து, கை வைக்க இடமில்லாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மனைவி ரிக்‌ஷா கூப்பிடப் போயிருந்தாள். நான் ஊன்றி நடக்கும் வாக்கரை யாரோ சுவர் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். மேஷோ கட்டிலில் காலுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தார். தீதி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அதட்டலாக ஒரு குரல்.

"தாடான்!"

தூக்கிவாரிப் போட்டது. முதுகைக் காட்டிக்கொண்டே கட்டளை போடுவது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் பயிற்சி முடிந்துவிட்டதே என்று விழித்தேன்.

"தாடான் போல்ச்சி! தாடான்!"

நிற்கச் சொல்கிறேன் இல்லையா, நில்லுங்கள் என்று அதட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் அவ்வளவு கோபமாக என்னிடம் பேசியதே இல்லை. கடைசி நாளில் என்னை ஒரு வழி பண்ணிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. தொடையில் கையை ஊன்றினேன். பல்லைக் கடித்தேன். எழுந்துவிட்டேன்.

அதோடு விட்டாரா? "ஆரே, தாடான் நா!"

நின்றுகொண்டுதானே இருக்கிறேன், இன்னும் எப்படி நிற்பது? கூன் போட்டிருக்கிறேனோ என்று முதுகை நிமிர்த்தினேன். வயிற்றை எக்கிக்கொண்டேன். தீதி திரும்பவே இல்லை. குரல் மட்டும் இப்போது கெஞ்சலாக மாறியது.

"ஆர் ஏக்டு தாடான், தாதா, ப்ளீஸ்!"

இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள் அண்ணா என்கிறார். இப்படிக் கேட்டால் யாரால் உட்கார முடியும்? நின்றேன். மேஷோவைப் பார்த்தேன். அவர் ஒத்தடத் துணியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். நான் நிற்பதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறார் என்று நினைத்து நெஞ்சை இன்னும் நிமிர்த்தினேன்.

"நின்னுட்டேன் தீதி!" என்று கத்தினேன்.

தீதி திரும்பினார். கையிலிருந்த துண்டெல்லாம் தரையில் விழுந்தது. அப்போதுதான் அவர் முடிக்குள் மறைந்திருந்த, காதில் வைத்துப் பேசும் சின்னக் கருவி எனக்குத் தெரிந்தது.

"தாதா! நீங்க... எதைப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க?"

குனிந்து என் கைகளைப் பார்த்தேன். இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"நீங்கதானே தீதி நிக்கச் சொன்னீங்க?"

"நானா? நான் டெய்லர்கிட்ட பேசிட்டிருக்கேன்! என் பூஜை பிளவுஸைக் கொடுக்காம கடையைச் சாத்தப் பார்க்கிறார்!"

மேஷோ துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெடித்துச் சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டே விளக்கினார். பெங்காலியில் தாடான் என்றால் நில்லுங்கள் என்றும் அர்த்தமாம், பொறுங்கள் என்றும் அர்த்தமாம். கடையைச் சாத்தாதீர்கள், பொறுங்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று தீதி அந்தத் தையல்காரரிடம் மன்றாடியிருக்கிறார். ஒவ்வொரு 'பொறு'வுக்கும் நான் ஒருபடி நிமிர்ந்திருக்கிறேன்!

விஷயம் புரிந்ததும் கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. நாற்காலியைத் தேடினேன்.

"உட்காராதீங்க!" என்று கத்தினார் மேஷோ. "கவர்ன்மென்ட் கால் இப்பத்தான் டியூட்டிக்கு வந்திருக்கு!"

தீதி ஓடி வந்து பக்கத்தில் நின்றார். ஆனால் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதுகொண்டே போனில், "இங்கே ஒருத்தர் நின்னுட்டார், தாதா! உங்களாலதான்!" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று பிறகு சொன்னார். "நானும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்மா, சீக்கிரம் வந்து துணியை வாங்கிட்டுப் போ" என்றாராம் தையல்காரர்.

ரிக்‌ஷா பிடித்துக்கொண்டு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க!" என்றாள். அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் மேஷோ ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, கூடத்தின் நடுவில் வாக்கரைத் தள்ளிவிட்டு நின்று காட்டினேன். அவள் என்னைச் சுற்றி ஒரு முறை வந்தாள். எங்காவது சாய்ந்திருக்கிறேனா என்று முதுகுப் பக்கம் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு போய் ஆணியிலிருந்த கவரை எடுத்தாள். சிறிது நேரத்தில் மஞ்சள் கவுன் வெளியே வந்தது.

நடந்ததை விவரமாகச் சொன்னேன். "என்ன பாஷைடி இது? நில்லுங்கிறதுக்கும் பொறுங்கிறதுக்கும் ஒரே வார்த்தையை வச்சிருக்காங்க" என்றேன்.

"நம்ம தமிழ் மட்டும் என்னவாம்?" என்றாள். "நான் ரோட்டுல முன்னாடி ஓடினா நீ 'நில்லு நில்லு, நானும் வரேன்'னு கத்துவே. ஸ்கூலுக்குப் போகும்போது தலை வாரினா அம்மா 'நேரா நில்லு'ம்பா. ரெண்டும் நில்லுதானே?"

தமிழ் படிக்கச் சொன்னால் பாதி எழுத்துக்குத் தடுமாறுகிறவள் இவள். பிறந்ததிலிருந்து நான் சொல்லிவந்த ஒரு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று இவள்தான் எனக்குக் காட்டினாள்.

அந்தப் பூஜைக்குப் போனோம். தெருமுனைப் பந்தல் வரைக்கும்தான். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையை மகள் பிடித்துக்கொண்டாள். தோளில் தூக்க டாக்டர் அனுமதிக்கவில்லை. நல்ல கூட்டம். டாக் மேளம் காதைப் பிளந்தது. பந்தல் வாசலில் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பிடித்துக்கொள்ளக் கம்பியைத் தேடிக் கண் அலைந்தது.

மகள் என் கையை விட்டுவிட்டு முன்னால் போய், அந்தச் சின்ன மஞ்சள் கவுனோடு இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"தாடான்! ஷொபாய் ஏக்டு தாடான்! ஆமார் பாபா ஆஸ்சே!"

எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள், என் அப்பா வருகிறார். பட்டுப்புடவைக்காரர்கள், பலூன் வைத்திருந்தவர்கள், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். நடுவில் ஒரு வழி விட்டார்கள். யாரோ ஒரு அம்மாள், "வாங்க வாங்க, தாதா, அவசரமில்லை" என்றார். நான் ஊன்றி ஊன்றி நடந்துபோய், அம்மனுக்கு எதிரே, ஊன்றுகோலை மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி நின்றேன். கும்பிட இரண்டு கை வேண்டும் இல்லையா?

இப்போது மறுபடியும் வண்டி ஓட்டுகிறேன். மழை வந்தால் கால் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். டாக்குரியாவில் காய் வாங்கும்போதோ பஸ்ஸுக்குப் போகும்போதோ யாராவது யாரையோ "தாடான்!" என்று கூப்பிட்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. கட்டிலில் படுத்து மழையைப் பார்த்துக்கொண்டு பொறுத்துக் கிடந்தேனே, அந்த நாட்களில்கூட நான் ஒரு விதத்தில் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.